நாற்பது மீட்டர் சேறும் ஒரு பழைய ஃபோர் வீலும்

பானட் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். சரியாக ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி காலையிலிருந்து அசையவில்லை என்றார் உரிமையாளர். வெயிலில் நிற்கும் வண்டி சூடாவது இயல்புதான், ஆனால் இது தகரக் கூரைக்கு அடியில் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடந்த செமஸ்டர் விடுமுறையில் பாதி இந்த ஒரு வண்டிக்கே போய்விட்டது. 2008-ஆம் ஆண்டில் பதிவான, டீசலில் ஓடும், நான்கு சக்கர இயக்கம் கொண்ட டபுள் கேப் பிக்கப். எந்த நிறுவனத்து வண்டி என்று சொல்லப்போவதில்லை. பதினேழு வருடம் உழைத்த வண்டிக்கு வந்த நோய்களுக்குச் செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கேட்ட விலை 24,000 ரிங்கிட்.

எங்களுக்கு ஏன் இப்படி ஒரு வண்டி? கோலசிலாங்கூர் பக்கம் தாத்தா விட்டுச்சென்ற ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. 22 வருடம் லாரி ஓட்டிய அப்பா, முதுகுவலியால் வேலையை விட்ட பிறகு அதைத்தான் கவனிக்கிறார். மாதம் இரண்டு முறை அறுவடை. குலைகளை மேடையில் குவித்து வைத்தால், பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பழம் வாங்கும் இடத்தில் இறக்குவார். கூலி டன்னுக்கு 55 ரிங்கிட். "நம்ம பழத்த ஏத்த இன்னொருத்தர் எப்ப வருவாருன்னு காத்துக் கிடக்கணுமா?" என்பது அப்பாவின் நீண்ட நாள் வருத்தம்.

பணம் அம்மாவுடையது. தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மாவுக்கு இந்த ஆண்டு 50 வயது நிறைந்தது. ஊழியர் சேமநிதியில் அக்கவுன் செஜாத்ராவில் இருப்பதை அந்த வயதில் எடுக்கலாம். அம்மாவின் கணக்கில் 31,000 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம் என்பதால், வாங்கினால் முழுப் பணத்தையும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். "எடுத்துக்குங்க" என்று அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் கணக்கியல் படிக்கும் பிள்ளை என்பதால், வண்டியைப் பார்க்க நானும் கூடப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

முதல் நாள் எனக்குத் தெரிந்ததைப் பார்த்தேன். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நீரில் மூழ்கிய வண்டிகளைத் துடைத்து விற்கிறார்கள் என்ற பேச்சு நம் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால் இருக்கை வார்களைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். மூழ்கிய வண்டியாக இருந்தால் வாரின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். இருக்கைக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துருவும், கால்விரிப்புக்கு அடியில் ஊறிய வாடையும் இருக்கும். மூன்றுமே இல்லை. பதிவுச் சான்றிதழில் இருந்த எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் இருந்தவற்றோடு ஒத்துப்போயின. இதுவரை நல்ல செய்திதான்.

ஆனால் பானட் சூடு மனத்தை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போனோம். இந்த முறை அப்பாவின் பழைய நண்பர், பட்டறை வைத்திருக்கும் மாமாவும் கூட வந்தார்.

குளிர்ந்த எஞ்சின் மூன்றாவது முயற்சியில்தான் உயிர் பெற்றது. பின்னால் வெள்ளைப் புகை. ஒரு நிமிடத்துக்கு மேல் அடங்கவில்லை. எஞ்சினிலிருந்து சரளைக்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். நேற்று மாலை இது எதுவுமே இல்லை. உரிமையாளரிடம் மலாயில் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. "காலையில கொஞ்சம் அடம் பிடிக்கும். அதனாலதான் நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓட விட்டேன்" என்றார். கேட்டால் உண்மையைச் சொல்கிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை. பழைய வண்டி விற்பவர்களில் இப்படிப்பட்டவரே பரவாயில்லை என்றார் மாமா.

மாமா எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயில் தலைகீழாக வைத்தார். எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாண்டிக் காற்று அதிகம் கசிந்தால் மூடி துள்ளும். லேசாக நடுங்கியதே தவிர துள்ளவில்லை. "எஞ்சின் நல்லாதான் இருக்கு. இன்ஜெக்டர்தான் ஒழுகுது. எரியாத டீசல் புகையா வருது. இது காசு குடுத்தா போற நோய்" என்றார்.

அடுத்து, இந்த வண்டியை நாங்கள் தேடி வந்ததற்கான காரணம். நான்கு சக்கர இயக்கம்.

இதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சுற்றும் என்றுதான் நினைத்திருந்தேன். மாமா விளக்கியபோதுதான் புரிந்தது. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. முன் சக்கரங்கள் அதிகம் சுற்ற வேண்டும். இந்த வகைப் பிக்கப்பில் ஃபோர் வீலைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களிலும் தண்டுகளிலும் போய் ஏறும். அதனால்தான் இதைத் தார்ச் சாலையில் போடக் கூடாது என்கிறார்கள். அதனாலேயே பலர் வருடக்கணக்கில் போடாமலே விட்டு, உள்ளே இருக்கும் பாகங்கள் இறுகிப்போகின்றன. மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டுமாம்.

மண் தரையில் நிறுத்தி மாமா லீவரைத் தள்ளினார். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டினார். பூட்டியிருந்தால் வண்டி தயங்கி இழுக்கும். இது வழக்கம்போல லகுவாகத் திரும்பியது.

"முன் சக்கரத்துக்குப் பவரே போகல. இது ஃபோர் வீல் இல்ல. ஃபோர் வீல்னு ஸ்டிக்கர் ஒட்டின வண்டி."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவும் சரிசெய்யக் கூடியதுதான். முன் அச்சில் இணைப்பைக் கொடுக்கும் பாகத்தை மாற்றினால் போதும் என்றார் மாமா.

பிறகு அவர் ஓர் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

உரிமையாளர் மீன் வியாபாரி. தஞ்சோங் காராங்கிலிருந்தும் செகிஞ்சானிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றி வந்த வண்டி இது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின் தட்டின் ஓட்டைகள் வழியாக வருடக்கணக்கில் கீழே சொட்டியிருக்கிறது. கீழே இருப்பது சேஸிஸ். இந்த வகை வண்டியில் உடல் வேறு, சட்டம் வேறு. ஏணி போன்ற அந்த இரும்புச் சட்டத்தின் மீதுதான் எஞ்சின், இருக்கைகள், சுமை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

ஐந்தாம் படிவத்தில் வேதியியல் எடுத்தவர்களுக்கு அந்த ஆணிச் சோதனை நினைவிருக்கும். ஜெல்லியில் புதைத்த இரும்பு ஆணியைச் சுற்றி நீல நிறம் பரவும். இரும்பு தன் எலக்ட்ரான்களை இழக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்னை நன்றாகக் கடத்தும், துரு வேகமாகப் பரவும். நான் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இங்கே அது எங்கள் தலைக்கு மேல் ஒரு சட்டமாக நின்றது.

சேஸிஸின் பின்பகுதி மட்டும் புதிதாகக் கறுப்பு பூசப்பட்டிருந்தது. மாமா சிறிய சுத்தியலால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கு வந்ததும் தொப்பென்று மாறியது. உரிமையாளரிடம் அனுமதி கேட்டார். "பரவாயில்ல, குத்திப் பாரு" என்றார் அவர். மாமா ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். கறுப்புப் பூச்சோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு அடுக்கடுக்காக உதிர்ந்து அட்டையில் விழுந்தது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்ய முடியாதா என்று அப்பா கேட்டார். செய்யலாம், ஆனால் பெட்டி போன்ற சட்டத்தின் உள்பக்கத்தில் துரு எதுவரை போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்றார் மாமா. நாங்கள் ஏற்றப்போகும் குலைகளின் பாரம் முழுவதும் இறங்கப்போவது அந்த இடத்தில்தான். "மத்த எல்லாத்துக்கும் நான் விலை சொல்லிடுவேன். இதுக்கு என்னால விலை சொல்ல முடியாது" என்றார். பழுதுள்ள வண்டியை வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பழுதுகளை எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். விலை சொல்லக்கூடிய பழுது பத்து இருந்தாலும் பேரம் பேசலாம், சொல்ல முடியாதது ஒன்று இருந்தாலும் அங்கே நின்றுவிட வேண்டும் என்று மாமா பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் பரிசோதனை இருக்கிறதே, அதில் தேறினால் போதாதா என்று என் தோழி கேட்டாள். அந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்ப்பது வண்டியின் அடையாளத்தை; எண்கள் பதிவோடு பொருந்துகின்றனவா என்பதை. அதை வண்டியின் உடல்நலச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு, கடை வைத்து வியாபாரம் செய்பவரிடம் வாங்கினால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். தனி ஒருவர் தன் சொந்த வண்டியை விற்கும்போது அந்தக் கதவு திறக்காது.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். பேரம் பேசினால் விலை 22,500-க்கு இறங்கும். இன்ஜெக்டர்கள் 2,400. முன் அச்சுப் பாகம் 900. தேய்ந்த நான்கு டயர்களுக்கு 1,680. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை, அதற்கு 450. காப்புறுதி, சாலை வரி, உரிமை மாற்றம் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 29,430 ரிங்கிட். துரு இதில் சேரவில்லை.

எதிர்ப்பக்கம் என்ன மிச்சமாகும்? ஐந்து ஏக்கர் என்றால் ஏறக்குறைய இரண்டு ஹெக்டர். எங்கள் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 32 டன் பழம். டன்னுக்கு 55 என்றால் ஏற்றுக்கூலி வருடத்துக்கு 1,760 ரிங்கிட்.

பிறகு நான் பெருமையாக நினைத்த ஒரு கணக்கு. 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 29,430 ரிங்கிட் அங்கேயே இருந்திருந்தால் அதற்கு ஒரு வருடத்தில் கிடைப்பது 1,854. அதாவது அம்மாவின் பணத்தைத் தொடாமல் விட்டாலே, அதன் ஈவில் வருடக் கூலியைக் கொடுத்துவிட்டு மேலும் கொஞ்சம் மிஞ்சும். ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பது உண்மைதான். ஆனால் வண்டியின் டீசல் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை ஒரே இரவில் 2.15-இலிருந்து 3.35 ரிங்கிட்டானது நினைவிருக்கும். தகுதியுள்ள விண்ணப்பதாரர்களுக்கு அப்போது, 2024-இல், மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை கொடுக்கப்பட்டது என்றாலும், விலை இனி சந்தையோடுதான் ஏறி இறங்கும்.

பக்கத்துத் தோட்டக்காரர்களின் பழத்தையும் ஏற்றிக் கூலி வாங்கலாம் என்பது அப்பாவின் யோசனை. பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்ற அதற்கான உரிமம் வேண்டும், சொந்தப் பயனுக்கு எடுத்த காப்புறுதி அப்போது செல்லாது என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லி முடித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரிம்மா. மழையில வண்டி உள்ள வரலன்னா பழத்த என்ன பண்றது? அதுக்கு உன் கணக்குல இடம் இருக்கா?"

இல்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா தட்டுகளை எடுத்தபடி சொன்னார். போன நவம்பரில் மழை. ஏற்ற வருபவரின் வண்டி மேடை வரை வர முடியவில்லை. பழம் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. அறுத்த பழத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோவது நல்லது. தாமதமாக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடி, தரம் இறங்கி, விலையில் கழித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் அப்பாவும் அம்மாவும் தள்ளுவண்டியில் வைத்து அறுபது குலைகளைச் சேற்றைத் தாண்டி மண் ரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல். முதுகுவலிக்காக லாரி ஓட்டுவதை நிறுத்திய மனிதர். அந்த வாரம் நான் விடுதியில் இருந்தேன். தினமும் தொலைபேசியில் பேசினேன். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

"உன் கணக்கு சரிதான்" என்றார் அம்மா. "ஆனா பேங்க் ஆபிசர் மாதிரி பேசிட்ட."

மறுநாள் காலை அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். இரவு மழை பெய்திருந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை, அதனால் "எந்த இடத்தில வண்டி மாட்டும்னு காட்டுங்கப்பா" என்று கேட்டேன்.

மண் ரோட்டிலிருந்து எங்கள் மேடை வரை சுமார் முந்நூறு மீட்டர் பாதை. அதில் பெரும்பகுதி செம்மண் சரளை. மழையிலும் கெட்டியாகத்தான் இருக்கும். சிறிய மதகைத் தாண்டியதும் நிலம் தாழ்கிறது. அங்கேயிருந்து மேடை வரை கடற்கரைப் பக்கத்துக் களிமண். காலை வைத்தால் செருப்பைத் திருப்பித் தராது. மேடைப் பக்கமாக அடி எண்ணி நடந்தேன், பிறகு அளவு நாடாவை விரித்தோம். நாற்பது மீட்டர்.

அப்பா நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார். "நாப்பது மீட்டருக்காகத்தான் நாலு சக்கரமும் சுத்தணுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் உடனே கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டேன். 40 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் என்றால் 20 கன மீட்டர் கல். பத்து டன் லாரியில் நான்கு நடை. அப்பா தலையாட்டினார். "கல்லக் கொட்டினா ரெண்டு மழையில உள்ள போயிடும். முதல்ல தண்ணி போகணும்." பக்கத்து வடிகால் தூர்ந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் போக வழியில்லாமல்தான் அந்த நாற்பது மீட்டர் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. பல முறை அந்த வழியாக நடந்திருக்கிறேன்.

வடிகாலைத் தோண்ட மண்வாரி இயந்திரம் அரை நாளுக்கு 350. அடியில் போட, இடித்த வீடு ஒன்றின் செங்கல் சும்மா கிடைத்தது. மேலே நான்கு லாரி உடைகல், ஒன்று 480 வீதம் 1,920. மொத்தம் 2,270 ரிங்கிட். அதை அப்பா தன் கையிருப்பிலிருந்தே கொடுத்தார். அம்மாவின் பணம் சேமநிதியிலேயே இருக்கிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது மீன் வியாபாரி அழைத்தார். 19,000-க்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்பா அன்று முழுதும் அமைதியாக இருந்தார். 5,000 ரிங்கிட் இறங்கியிருக்கிறதே என்று எனக்கும் ஒரு கணம் மனம் ஆடியது உண்மை. மாலையில் அப்பா மாமாவை அழைத்துக் கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "விலை எறங்கினா துரு எறங்குமா?"

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, பழம் ஏற்ற வருபவர் முதல் முறையாகப் புதுக் கல்பாதையில் வண்டியைப் பின்னோக்கி மேடை வரை கொண்டுவந்தார். அவருடையது இரண்டு சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டி. அன்று வெயில். பெரிய மழை இன்னும் வரவில்லை, அக்டோபர், நவம்பரில்தான் அந்தப் பாதையின் உண்மையான தேர்வு. இப்போது நான் தொலைபேசியில் பேசும்போது மழை பெய்ததா என்று முதலில் கேட்கிறேன்.

அந்த ஃபோர் வீல் இன்னும் விற்கவில்லை. அந்தத் தகரக் கூரைக்கு அடியிலேயே நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைக்கிறாராம். அம்மா சொன்னார்.